நாய் உறுமினால் முதலில் அதன் உடம்பைப் பாருங்கள்

என் நாய் சிட்டுக்கு நான்கு வயது இருக்கும்போது ஒரு நாள், கழுத்துப்பட்டையை மாட்டப் போன என் கையைக் கவ்வப் பார்த்தாள். பல் படவில்லை. ஆனால் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் மோதிக்கொண்ட சத்தம் தெளிவாகக் கேட்டது. அதுவரை பட்டையைக் கையில் எடுத்தாலே வாலை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தவள் அவள். "ரொம்ப இடம் கொடுத்துவிட்டாய், தலைக்கு மேல் ஏறிவிட்டது, கொஞ்சம் கண்டித்து வை" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள், நானும் இரண்டு வாரம் அதட்டிப் பார்த்தேன், உறுமல் கூடியதுதான் மிச்சம். அப்புறம் ஒரு ராத்திரி அவள் என் மடியில் தலை வைத்துத் தூங்கும்போது தற்செயலாக இடது காதுமடலைத் தூக்கினேன். உள்ளே செக்கச்செவேலென்று வீங்கியிருந்தது, பழுப்பாகப் பிசுபிசுவென்று அழுக்கு, குப்பென்று ஒரு புளித்த வாடை. பட்டையை மாட்டும்போதெல்லாம் என் கை அந்தக் காதில்தான் உரசியிருக்கிறது. இரண்டு வாரமாக வலிக்கிற காதை இடித்துவிட்டு, அதற்காக அவளையே திட்டியும் இருக்கிறேன்.

புதிதாக நாய் வளர்க்கத் தொடங்குபவர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் பெரும்பாலும் குணம் பற்றித்தான்: ஏன் குரைக்கிறது, ஏன் கடிக்கிறது, ஏன் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. நான் திருப்பிக் கேட்பது உடம்பைப் பற்றி. நன்றாகத் தூங்குகிறதா, எடை சரியாக இருக்கிறதா, எழுந்திருக்கும்போது பின்னங்கால் தடுமாறுகிறதா, காது நாறுகிறதா. இங்கிலாந்தில் லிங்கன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேனியல் மில்ஸும் அவருடன் பணியாற்றுபவர்களும் 2020-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நடத்தைக் கோளாறு என்று நிபுணர்களிடம் அனுப்பப்படும் விலங்குகளில், குறைத்து மதிப்பிட்டாலே சுமார் மூன்றில் ஒரு பங்குக்கு உடம்பில் ஏதோ ஒரு வலி இருக்கிறது, சில இடங்களில் அது 80 விழுக்காட்டையும் நெருங்கலாம் என்று அதில் எழுதியிருந்தார்கள். இதைப் படித்த பிறகு எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. பயிற்சி, அதட்டல், பிஸ்கட் எல்லாவற்றுக்கும் முன்னால் நாயின் உடம்பைப் பார்த்துவிடுவேன். அதை எப்படிச் செய்வது என்று வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் ஒரு வாரம் சும்மா கவனியுங்கள்

எது மாறிவிட்டது என்று தெரிய வேண்டுமானால் எது வழக்கம் என்று தெரிந்திருக்க வேண்டும். ஒரு நோட்டிலோ போனிலோ ஒரு வாரத்துக்கு எழுதி வையுங்கள்: எத்தனை மணிக்குத் தூங்குகிறது, எங்கே படுக்கிறது, சாப்பாட்டை எவ்வளவு நேரத்தில் முடிக்கிறது, மலம் எப்படி இருக்கிறது, எவ்வளவு தண்ணீர் குடிக்கிறது. வளர்ந்த நாய் ஒரு நாளில் ஏறக்குறைய 12 முதல் 14 மணி நேரம் தூங்கும், குட்டி 18 மணி நேரத்துக்கு மேலும் தூங்கும். இது தெரியாமல், "எப்போது பார்த்தாலும் தூங்குகிறதே" என்று தட்டி எழுப்பி விளையாடுகிறவர்கள் நிறைய பேர். சாயங்காலம் ஆனதும் வெறி பிடித்த மாதிரி ஓடி, கால்சட்டையைக் கடித்து இழுக்கிற குட்டிக்குப் பல நேரம் இன்னொரு ஆட்டம் தேவைப்படாது, தூக்கம்தான் தேவைப்படும். சின்னக் குழந்தை தூக்கம் வந்ததும் அழுது அடம்பிடிக்குமே, அதே கதை.

தூங்கும்போது மூச்சை எண்ணிப் பாருங்கள். விலா ஒரு முறை ஏறி இறங்கினால் ஒன்று. நிமிடத்துக்கு 30-க்குக் கீழே இருக்க வேண்டும். நிம்மதியாகத் தூங்கும்போதும் அடிக்கடி 30-ஐத் தாண்டுகிறதென்றால் இதயத்தையும் நுரையீரலையும் பரிசோதிக்க வேண்டும்.

இன்னொரு வேலை, வீடியோ. நாய் உங்களை நோக்கி நடந்து வருவது, விலகிப் போவது, பக்கவாட்டில் நடப்பது, படுத்த இடத்திலிருந்து எழுவது, படி ஏறுவது என்று ஒவ்வொன்றிலும் அரை நிமிடம் எடுத்து வையுங்கள். ஆறு மாதம் கழித்து மறுபடியும் எடுத்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், தினமும் கூடவே இருப்பதால் கண்ணில் படாத மாற்றம் அப்போது தெரியும்.

வாரம் ஒரு முறை கையால் தடவிப் பாருங்கள்

எல்லாவற்றிலும் முக்கியமானது என்று நான் நினைப்பது இதைத்தான். பத்து நிமிடம்கூட ஆகாது. நாய் சாப்பிட்டு, கொஞ்சம் நடந்து, களைத்துப் படுத்திருக்கிற நேரமாகப் பாருங்கள். எடுத்த எடுப்பில் வாயைப் பிளக்காதீர்கள், காலைப் பிடிக்காதீர்கள். அதற்குப் பிடித்த இடத்திலிருந்து தொடங்குங்கள், பல நாய்களுக்கு அது மார்பு அல்லது தோள்பட்டை. அங்கிருந்து கழுத்து, முதுகு, இடுப்பு, பின்தொடை, வால் அடி என்று உள்ளங்கையை முழுதாகப் பதித்து மெதுவாக நகர்த்துங்கள். விரல் நுனியால் குத்திப் பார்க்க வேண்டாம்.

கை எங்கே போகும்போது என்ன நடக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். நாய் வலியில் கத்தும் என்று காத்திருந்தால் ஏமாந்துபோவீர்கள், பெரும்பாலான நாய்கள் கத்தாது. இடுப்புக்குக் கை வந்ததும் முதுகுத்தோல் ஒரு கணம் சிலிர்க்கும். இரைத்துக்கொண்டிருந்த வாய் சட்டென்று மூடும். தலையைத் திருப்பி உங்கள் கையைப் பார்க்கும், அல்லது உதட்டை நக்கும், கொட்டாவி விடும், கண்ணின் வெள்ளை ஓரமாகத் தெரியும். சில நாய்கள் எழுந்து இரண்டு அடி தள்ளிப் போய்ப் படுத்துக்கொள்ளும், நாம் "சலிப்பு வந்துவிட்டது போல" என்று விட்டுவிடுவோம். ஒரே இடத்தில் இரண்டு மூன்று முறை இப்படி நடந்தால் அந்த இடத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

காதை மோந்து பாருங்கள். நல்ல காதில் பெரிதாக வாடை இருக்காது. பிறகு உதட்டை மட்டும் லேசாக மேலே தூக்கிக் கடைவாய்ப் பற்களைப் பாருங்கள். வளர்ந்த நாய்க்கு 42 பற்கள். ஈறு ஓரத்தில் சிவப்புக் கோடு, பல்லில் ஒட்டிய மஞ்சள் பழுப்புக் காரை, உடைந்த பல், இதெல்லாம் வலி தருகிறவை. பல் வலிக்கிற நாயும் சாப்பிடும், அதனால் சாப்பிடுவதை வைத்து ஏமாறக் கூடாது. ஒரு பக்கமாக மெல்கிறதா, உணவை வாயிலிருந்து நழுவ விடுகிறதா, தலையைத் தொட்டால் விலகுகிறதா என்று பாருங்கள்.

அடுத்து பாதம். விரல்களுக்கு இடையில் உண்ணியும் முள்ளும் ஒளிந்துகொள்ளும் இடம் அது. நாய் நிமிர்ந்து நிற்கும்போது நகம் தரையை அழுத்தக் கூடாது. டக் டக் என்று டைல்ஸில் சத்தம் வருகிற அளவுக்கு வளர்ந்துவிட்டால் விரல்கள் மேல்நோக்கித் தள்ளப்பட்டு நிற்கிற விதமே மாறிவிடும், அந்தச் சுமை மணிக்கட்டிலிருந்து தோள்பட்டை வரை ஏறும். முன்னங்காலின் உள்பக்கம் மேலே தனியாக இருக்கிற நகத்தை மறந்துவிடாதீர்கள். அது தரையில் தேயாது என்பதால் சுருண்டு வளர்ந்து சதைக்குள்ளேயே இறங்கிவிடும்.

தடவிப் பார்த்து முடிந்ததும் ஏதாவது பிடித்ததைக் கொடுங்கள். இது நாய்க்கும் நல்ல நேரமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் அடுத்த வாரம் கட்டிலுக்கு அடியில் போய்விடும்.

எடை

குண்டாக இருந்தால் அழகு என்று நினைப்பது நமக்கு வழக்கமாகிவிட்டது. நாய்க்கு அது மூட்டுச் சுமை, மூச்சுச் சுமை. தராசே வேண்டாம், உங்கள் கையே போதும். விரல்களை மடக்கி விரல் முட்டிகளின் மேல் தடவிப் பாருங்கள், விலா அப்படித் துருத்திக்கொண்டிருந்தால் நாய் மெலிவு. உள்ளங்கையைத் திருப்பி விரல் அடிப்பகுதியின் சதையை அழுத்திப் பாருங்கள், விலா அப்படி அமுங்கிக் கிடந்தால் பருமன். கையை விரித்துப் புறங்கையைத் தடவினால் எலும்பு லேசாகத் தட்டுப்படுகிறதே, அப்படி இருந்தால் சரி. மேலிருந்து பார்க்கும்போது இடுப்பு உள்வாங்கித் தெரிய வேண்டும். பக்கவாட்டில் பார்த்தால் வயிறு பின்பக்கமாக ஏறியிருக்க வேண்டும்.

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு 2002-இல் வெளியான ஓர் ஆய்வு போதும். 48 லாப்ரடார் நாய்களைக் குட்டியிலிருந்து கடைசிவரை தொடர்ந்து பார்த்தார்கள். ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒன்றுக்குக் கொடுத்ததைவிட அதன் ஜோடிக்கு 25 விழுக்காடு குறைவாகக் கொடுத்தார்கள். குறைவாகச் சாப்பிட்ட நாய்களின் இடைநிலை ஆயுள் (பாதி நாய்கள் தாண்டிய வயது) 13 ஆண்டு, மற்றவற்றுக்கு 11.2. ஆயுளைவிட என் மனதில் நிற்பது, ஒல்லியாக இருந்தவற்றுக்கு மூட்டுத் தேய்மானமும் பிந்தித்தான் வந்தது என்பது. கிட்டத்தட்ட இரண்டு வருட ஆயுளோடு வலியில்லாத நாட்களும் கூடுகின்றன.

சாப்பாட்டை அளந்து போடுங்கள், குத்துமதிப்பாகப் போடாதீர்கள். இடையிடையே கொடுக்கிற தின்பண்டம் ஒரு நாள் கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. வீட்டில் நான்கு பேர் இருந்தால் நான்கு பேரும் தனித்தனியாகக் கொடுப்பார்கள், ஆகவே அன்றைய பங்கைக் காலையிலேயே ஒரு டப்பாவில் போட்டு வைத்துவிட்டு, தீர்ந்தால் தீர்ந்ததுதான் என்று இருப்பது நல்லது.

நடை, ஓட்டம், மோப்பம்

"களைப்பாக்கிவிட்டால் சேட்டை செய்யாது" என்பார்கள். பாதி உண்மை. உடற்பயிற்சி இல்லாத நாய் செருப்பைக் கடிக்கும், வாசலில் போகிற எல்லாரையும் பார்த்துக் குரைக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் தினமும் ஒரு மணி நேரம் பந்தை எறிந்து எறிந்து ஓடவிட்டால் நாய் அமைதியாகாது, அந்த வேகத்துக்குப் பழகிப்போகும். மறுநாள் அதற்குமேல் கேட்கும், பந்தைக் கண்டால் உடம்பெல்லாம் நடுங்கும். சட்டென்று திரும்புவதும் எகிறிக் குதிப்பதும் முழங்காலுக்கும் தோளுக்கும் கெடுதல் வேறு. பந்து விளையாட்டை ஐந்து பத்து நிமிடத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அதற்கு முன்னால் கொஞ்சம் நடக்கவிட்டு உடம்பைச் சூடாக்குங்கள்.

நான் அதிகம் நம்புவது மோப்ப நடையை. கயிற்றைத் தளர்வாக விட்டு, நாய் எங்கே நிற்கிறதோ அங்கே நீங்களும் நின்று, ஒரு புதரை மூன்று நிமிடம் மோந்து பார்த்தாலும் இழுக்காமல் காத்திருப்பது. தூரம் குறைவாகத்தான் போவீர்கள், அவசரக்காரர்களுக்குப் பொறுமை போய்விடும். ஆனாலும் வீட்டுக்கு வந்ததும் நாய் தண்ணீர் குடித்துவிட்டு ஒரு பெருமூச்சோடு படுப்பதைப் பாருங்கள். 2019-இல் வந்த ஓர் ஆய்வில் சில நாய்களுக்கு இரண்டு வாரம் மோப்ப விளையாட்டும், மற்றவற்றுக்குக் காலோடு ஒட்டி நடக்கிற பயிற்சியும் கொடுத்தார்கள். உள்ளே உணவு இருக்குமா இருக்காதா என்று தெரியாத ஒரு கிண்ணத்தை வைத்துப் பார்த்தபோது, மோப்பம் பிடித்த நாய்கள்தான் முன்பைவிட நம்பிக்கையோடு அதை நோக்கிப் போயின.

குட்டிகளுக்கு எலும்பின் வளர்ச்சித் தட்டுகள் (எலும்பு நீளும் மென்மையான முனைப்பகுதிகள்) மூடச் சிறிய இனங்களில் பத்து மாதம் வரையிலும், பெரிய இனங்களில் ஒன்றரை வருடம் வரையிலும்கூட ஆகலாம். அதுவரை நீண்ட ஓட்டம், சைக்கிளோடு ஓடவிடுவது, உயரத்திலிருந்து திரும்பத் திரும்பக் குதிக்கவிடுவது எல்லாம் வேண்டாம். அது இஷ்டப்படி ஓடி, இஷ்டப்படி நிற்கட்டும். இத்தனை நாள் சும்மா இருந்த நாயைத் திடீரென்று ஞாயிற்றுக்கிழமை மட்டும் பத்து கிலோமீட்டர் கூட்டிப்போவதும் அதே மாதிரி தப்பு. வாரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள்.

வெயில், தரை, படுக்கை

நாய்க்குப் பாதத்தில் மட்டும்தான் சொல்லும்படி வியர்க்கும், மற்றபடி இரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். அதன் வழக்கமான உடல் வெப்பமே 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ், 41-ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. வெயிலில் கிளம்பும் முன் புறங்கையைத் தரையில் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள், உங்களால் முடியவில்லையென்றால் அதன் பாதத்துக்கும் முடியாது. பக், புல்டாக் மாதிரி மூக்கு சப்பையான நாய்களுக்கு இரைப்பதே சரியாக வராது என்பதால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். நாக்கு கருஞ்சிவப்பாகி, எச்சில் கொழகொழவென்று வடிந்து, கால் பின்னினால் நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பு முழுக்கக் குளிர்ந்த தண்ணீரை ஊற்றி விசிறிவிடுங்கள். முதலில் குளிர்வித்துவிட்டு, அப்புறம் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

சூட்டில் இருக்கிற நாய்க்கு எரிச்சலும் அதிகம். ராத்திரி முழுக்க இடம் மாறி மாறிப் படுத்துச் சரியாகத் தூங்காத நாய் மறுநாள் சின்னக் குழந்தை கிட்டே வந்தாலே உறுமும். தூங்குகிற இடம் காற்றோட்டமாக, ஆட்கள் குறுக்கே நடக்காத மூலையாக இருக்கட்டும். அங்கே போய்ப் படுத்துவிட்டால் யாரும் தொடக் கூடாது என்று வீட்டில் ஒரு விதியே வைத்துவிடுங்கள், குறிப்பாகப் பிள்ளைகளுக்கு. படுக்கையை அழுத்திப் பார்த்தால் கை தரையில் தட்டக் கூடாது. முழங்கையில் முடி கொட்டித் தோல் தடித்துக் காய்ப்பு விழுந்திருந்தால், வெறும் கட்டாந்தரையில் அதிகம் படுக்கிறது என்று அர்த்தம்.

வழுக்குகிற தரையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பளபளப்பான டைல்ஸில் வயதான நாயின் பின்னங்கால் இரண்டும் அகன்று விரிவதைப் பார்த்திருப்பீர்கள். விழுந்துவிடுவோமோ என்ற பயத்திலேயே அது அறைக்குள் வராது, கூப்பிட்டாலும் வாசலிலேயே நிற்கும், நாம் "பிடிவாதம்" என்போம். படுக்கையிலிருந்து தண்ணீர்க் கிண்ணம் வரைக்கும், அங்கிருந்து கதவு வரைக்கும் வழுக்காத பாயோ ரப்பர் விரிப்போ போட்டுப் பாருங்கள். அன்றைக்கே வித்தியாசம் தெரிகிற வீடுகள் உண்டு. பாதத்துக்கு அடியில் வளர்ந்திருக்கிற முடியையும் கத்தரித்துவிடுங்கள்.

கயிற்றை இழுக்கிற நாயாக இருந்தால் கழுத்துப்பட்டைக்குப் பதில், தோளை அசையவிடுகிற ஹார்னஸ் (மார்பைச் சுற்றி மாட்டும் வார்) வாங்குங்கள். அக்குளில் உரசிப் புண்ணாக்குகிறதா என்று முதல் வாரம் தினமும் பார்க்க வேண்டும்.

குணம் மாறினால் எங்கே தேடுவது

எந்தச் சேட்டைக்குப் பின்னாலும் நோய்தான் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஆனால் நேற்று வரை இல்லாத ஒன்று இன்று வந்திருந்தால் உடம்பைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். வெளியே போய்ப் பழகிய நாய் வீட்டுக்குள் சிறுநீர் கழிக்கிறதென்றால் சிறுநீர்ப் பரிசோதனை, தொற்றோ சர்க்கரையோ சிறுநீரகமோ எதுவாகவும் இருக்கலாம். தரையையும் சுவரையும் விடாமல் நக்குகிற நாய்க்கு வயிற்றில் கோளாறு இருக்கக்கூடும். பின்புறத்தைத் தரையில் தேய்த்தால் ஆசனவாய்ச் சுரப்பியைப் பார்க்கச் சொல்லுங்கள். தூக்கும்போது உறுமினால் முதுகு அல்லது வயிறு. ராத்திரியில் எழுந்து இலக்கில்லாமல் நடக்கிற வயதான நாய்க்கு மூட்டுவலி இருக்கலாம், மூளைத் தேய்மானமும் இருக்கலாம்.

நடு வயதில் புதிதாகச் சத்தத்துக்குப் பயப்பட ஆரம்பிப்பதுகூட வலியின் அடையாளமாக இருக்க முடியும். 2018-இல் வெளியான ஓர் ஆய்வில் சத்தத்துக்கு அஞ்சும் 20 நாய்களை ஒப்பிட்டார்கள். தசை, மூட்டு வலி இருந்தவற்றுக்கு அந்தப் பயம் மற்றவற்றைவிடச் சராசரியாக ஏறக்குறைய நான்கு வருடம் பிந்தித் தொடங்கியிருந்தது. திடீர்ச் சத்தத்தில் உடம்பு திடுக்கிட்டு இறுகும், வலிக்கிற இடம் இன்னும் வலிக்கும், சத்தமும் வலியும் அதன் மனதில் ஒன்றாகிவிடும் என்பது அவர்கள் தரும் விளக்கம்.

உறுமலைத் தண்டிக்காதீர்கள். வாயில்லாத ஜீவன் "அங்கே தொடாதே" என்று சொல்ல அதற்கு இருக்கிற ஒரே மரியாதையான வழி அது. அடித்து அதை நிறுத்திவிட்டால் அடுத்த முறை உறுமாமலே கடிக்கும்.

மருத்துவரிடம் போகும்போது

மருத்துவமனையில் பயத்தில் விறைத்து நிற்கிற நாய், வீட்டில் நொண்டியதை அங்கே காட்டாது. வீடியோவையும் நோட்டையும் கொண்டுபோங்கள். "சரியாக இல்லை" என்று பொதுவாகச் சொல்லாமல், "மூன்று வாரமாகக் காரில் ஏறுவதற்கு முன் தயங்குகிறது, இடது இடுப்பைத் தொட்டால் திரும்பிப் பார்க்கிறது" என்று சொல்லுங்கள். பரிசோதனையில் எதுவும் தெளிவாகத் தெரியவில்லையென்றால், சில வாரம் வலி மருந்து கொடுத்துப் பார்த்துக் குணம் மாறுகிறதா என்று கவனிக்கலாமா என்று கேளுங்கள், பல மருத்துவர்கள் இப்படிச் செய்வதுண்டு. நீங்களாக வீட்டில் இருக்கிற மாத்திரையைக் கொடுக்கவே கூடாது. பாராசிட்டமாலும் ஐபுப்ரோஃபெனும் நாயின் கல்லீரலையும் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும்.

வயிறு உப்பி, வாந்தி எடுக்க முயன்று எதுவும் வராமல் தவித்தாலோ, சிறுநீர் கழிக்க முக்கியும் சொட்டுக்கூட வராவிட்டாலோ காலை வரை காத்திருக்காமல் அந்த நிமிடமே கிளம்ப வேண்டும்.

வலி போன பிறகு

காது ஆறியதும் சிட்டு பழையபடி ஆகிவிடுவாள் என்று நினைத்தேன். மருந்து முடிந்து, மருத்துவரும் பார்த்துச் சரியாகிவிட்டது என்று சொன்ன பிறகும் பட்டையைக் கண்டால் தலையைத் தாழ்த்திப் பின்வாங்கினாள். உடம்பு மறந்ததை மனது மறக்கவில்லை. இந்த இடத்தில்தான் பயிற்சிக்கு வேலை வருகிறது, இதற்கு முன்னால் செய்திருந்தால் அத்தனையும் வீண்.

நான் செய்தது இதுதான். முதல் நாட்களில் பட்டையைத் தரையில் வைத்துவிட்டு, அவள் அதைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு துண்டு தின்பண்டம். அதைக் கண்டதும் வால் ஆட ஆரம்பித்த பிறகுதான் கையில் எடுத்தேன். அப்புறம் பட்டையை வளையமாகப் பிடித்து, அதற்கு அந்தப் பக்கம் தின்பண்டத்தை நீட்டினேன். அவளாக மூக்கை நுழைத்தால் கிடைக்கும், பின்வாங்கினால் நானும் கையை இறக்கிவிடுவேன், கூப்பிடவோ கெஞ்சவோ மாட்டேன். ஒரு நாளைக்கு இரண்டு நிமிடம், அதற்குமேல் இல்லை. மூக்கு, பிறகு கண் வரை, பிறகு காது வரை. காதைத் தாண்டத்தான் ரொம்ப நாள் ஆயிற்று. ஐந்தாவது வாரம் ஒரு காலையில் தலையை முழுதாக உள்ளே விட்டுவிட்டு, மாட்டு என்பது போல அப்படியே நின்றாள். கொக்கியை இன்றைக்கும் வலது பக்கமாகத்தான் மாட்டுகிறேன், ஞாயிற்றுக்கிழமைகளில் இடது காதை மோந்து பார்க்கிறேன்.